கண்ணளவு போதுமா?

உண்பதிலும் உண்பிப்பதிலும் தமிழர் குறை வைத்ததில்லை. உண்டதை எழுதி வைப்பதில்தான் குறை வைத்துவிட்டோம். மொழிக்கு இலக்கணம் கண்டோம். இசைக்கும் கூத்துக்கும் நெறி கண்டோம். மருந்துக்கு அளவு வகுத்தோம். ஆனால் நாள்தோறும் நம் உயிரை ஓம்பும் சமையலை மட்டும் ‘கண்ணளவு’ என்றும் ‘கைப்பக்குவம்’ என்றும் சொல்லி அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டோம். இது பெருமையா? சோம்பலா? சோம்பலே என்பது என் கருத்து.

பண்டைத் தமிழர் இப்படி எண்ணவில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடன் அளித்த விருந்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறியிலிருந்து வழுவாமல் ஆக்கப்பட்ட உணவு அது என்று குறிக்கிறது. அந்நூல் இன்று நம் கையில் இல்லை. ஆயினும், சமையலுக்கு நூல் வேண்டும், அந்நூலின்படி சமைத்தல் சிறப்பு என்னும் எண்ணம் சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சமையல் நூல்களில் வரும் குறிப்புகளைச் சமைத்துச் சோதிப்பதே என் தொழில். பெங்களூரின் பிரேசர் டவுனில், ஒரு மாடி வீட்டின் சமையலறையே என் ஆய்வுக்கூடம். இப்படியும் ஒரு தொழில் உண்டா என்று வியப்பவரே மிகுதி. ஆதலால் அதன் முறையைச் சற்று விளக்குகிறேன்.

நூலாசிரியர் ஒரு குறிப்பை எழுதி அனுப்புவார். அதில் உள்ளபடியே, என் சொந்த அறிவைச் சிறிதும் கலக்காமல், சமைக்க வேண்டும். புளி மிகும் என்று தெரிந்தாலும் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் போட வேண்டும். பாத்திரத்தின் அகலம், தீயின் அளவு, பிடித்த நேரம், எத்தனை பேருக்குப் போதும் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். குறை கண்டால், ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி மீண்டும் சமைக்க வேண்டும். உப்பையும் புளியையும் ஒருங்கே மாற்றினால் எது சுவையைத் திருத்தியது என்று எப்படி அறிவது? மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சரியாக வந்தபின், அவ்வுணவை ஒருநாளும் சமைத்தறியாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகே நிற்க வேண்டும். அவர் கை தயங்கும் இடமே குறிப்பில் குறை உள்ள இடம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அது பானைக்குப் பொருந்தும், குறிப்புக்குப் பொருந்தாது. ஒரு முறை நன்றாக வந்தது என்றால், அந்த அரிசிக்கும் அந்த அடுப்புக்கும் அந்தக் கைக்கும் அது சரி என்று மட்டுமே பொருள். எழுதப்பட்ட குறிப்பு முகம் அறியாத ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு. அவர் வீட்டு அடுப்பிலும் அது பலிக்க வேண்டும்.

நம் நூல்களில் பலிக்கிறதா? ‘எலுமிச்சை அளவு புளி’ என்று எழுதாத சமையல் நூல் அரிது. எந்த எலுமிச்சை? நாட்டு எலுமிச்சையா, கடையில் பெரிதாய்ப் பளபளக்கும் எலுமிச்சையா? புதுப்புளியா, பழம்புளியா? ‘ஒரு கரண்டி உப்பு’ என்பர். கல்லுப்பின் இடையிடையே காற்று நிற்கும், தூளுப்பில் நிற்காது. ஒரே கரண்டியில் தூளுப்பின் எடையே மிகுதி. ‘ஒரு குவளை அரிசி’ என்பர். மின்சார அரிசிக் குக்கருடன் வரும் குவளை 180 மில்லி லிட்டர். அமெரிக்கக் குவளை ஏறத்தாழ 240. ‘மூன்று விசில்’ என்பர். குக்கரும் தீயும் மாறினால் மூன்று விசிலுக்கு ஆகும் நேரமும் மாறும்.

ஊர் மாறினால் தண்ணீரே மாறிவிடுகிறது! சென்னையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் மேலே உள்ள பெங்களூரில் சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. உதகையில் இன்னும் குறைவு. திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்புக்கு இந்த மூன்று பாகை பெரிது. சென்னையில் ஓர் இரவில் பொங்கும் இட்லி மாவு, பெங்களூரின் மார்கழிக் குளிரில் விடிந்த பின்னும் கல்லாய்க் கிடக்கும். ‘இரவு முழுதும் புளிக்க விடுக’ என்ற வரியை நம்பியவர் என்ன செய்வார்? நூலைக் குறை கூறமாட்டார். “எனக்குச் சமையல் வராது” என்று தம்மையே நொந்துகொள்வார். பிழை நூலில், பழியோ படித்தவர் தலையில்! ஊரைவிட்டு வந்து, விடுதி அறையிலும் வாடகை அறையிலும் ஒற்றை அடுப்பில் சமைத்துப் பழகும் நம் மாணவர் எத்தனை பேர் இப்பழியைச் சுமந்திருப்பர்!

வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டார். இளமையிலேயே கணவரை இழந்த அவர், தம் உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் ஊக்க, தம் அறிவை எழுத்தாக்கினார். கண்ணளவில் நின்றுவிடாமல் ஆழாக்கும் பலமும் குறித்து எழுதினார். தாயை விட்டுத் தொலைவில் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பெண்களுக்கு அந்நூல் தாயாயிற்று. தலைப்பே ஓர் அறைகூவல் அன்றோ? நம்பு என்று சொல்லவில்லை. சமைத்துப் பார் என்றது!

அவருக்கு முன்னரே, 1896இல், அமெரிக்காவின் பாஸ்டன் சமையற் பள்ளித் தலைவி பானி பார்மர், கரண்டியையும் குவளையையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். நூல் விற்கும் என்று பதிப்பகத்தார் நம்பவில்லை. முதற்பதிப்பின் 3,000 படிகளுக்கும் அச்சுச் செலவை அவரே ஏற்க நேர்ந்தது. பின்னர் அது பல பதிப்புகள் கண்டது. அடுப்பங்கரை அறிவை அறிவென்று ஏற்க உலகம் எங்கும் தயங்கியே வந்திருக்கிறது.

அந்தத் தயக்கம் இன்றும் தீரவில்லை. நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் வரும்; படம் பிடித்தவர் பெயரும் வரும். அதே குழம்பை ஐந்து முறை வைத்து, ஐந்து முறையும் ருசி பார்த்துக் குறிப்பைத் திருத்தியவர் பெயர் வருவது அரிது. மளிகைச் செலவை மட்டும் தந்து, உழைப்புக்கு ‘நன்றி’ என்னும் ஒரு சொல்லே கூலி என்று முடித்த பதிப்பாளரையும் நான் கண்டிருக்கிறேன். வீட்டில் பெண்கள் கூலியின்றிச் செய்துவந்த வேலைதானே, இதற்கென்ன ஊதியம் என்னும் எண்ணமே இதற்கு வேர்.

“அளந்து எழுதினால் கைமணம் போய்விடும்” என்பர் சிலர். சுரங்களைக் குறித்து எழுதியதால் இசை செத்துவிட்டதா? எழுதியதால் அழியாமல் நின்றது. கற்றவர் அதன்மேல் தம் கற்பனையை ஏற்றினர். பெங்களூரிலேயே இதற்கு ஒரு சான்று சொல்வர். இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில், மாவல்லி டிபன் ரூம்ஸ் உணவகத்தார் ரவையில் இட்லி செய்து பார்த்தனராம்; இன்று அது தென்னாடெங்கும் காலைச் சிற்றுண்டி. மாற்றிச் செய்து பார்ப்பவரே புதியது படைக்கிறார். அளவு அறிந்தவருக்கே மாற்றவும் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று கணிப்பொறியைக் கேட்டால் நொடிப்பொழுதில் நூறு குறிப்புகளை எழுதித் தருகிறது. அதற்கு அடுப்பு இல்லை, நாவும் இல்லை. சமைத்துப் பாராத சொற்கள் பெருகப் பெருக, சமைத்துப் பார்த்த சொல்லின் மதிப்பும் தேவையும் பெருகுகின்றன. தமிழில் வரும் சமையல் நூல்கள் கிராம் கணக்கும் பாத்திர அளவும் பதத்தின் அடையாளமும் தர வேண்டும். வேறொரு கையால் சோதிக்கப்பட வேண்டும். சோதித்தவருக்கு ஊதியமும் பெயரும் தர வேண்டும். நூல் வாங்கும் நாமே இதைக் கேட்கவில்லையென்றால் யார் கேட்பார்?

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சிறு மின்தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டியிடம் “எத்தனை கிராம்?” என்று கேட்காதீர்கள்; அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவர் சமைக்கத் தொடங்குமுன் உப்பு டப்பாவையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் புளிப் பானையையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தம் வழக்கப்படி அள்ளிப் போடட்டும். சமைத்து முடித்தபின் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடைதான் அவருடைய கையளவு. அதை எழுதி, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் மேலே இட்டு, இன்னொரு நண்பரிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். அந்தக் கை ஓய்ந்த பின்னும் அந்தக் குழம்பு நம்மிடையே இருக்கும்.