கனத்த விரிப்பும் மெலிந்த வாதமும்

நல்ல சேணம் ஒன்று கையில் இருந்தால் எந்தக் குதிரைக்கும் போடலாம், பொருந்தாத இடத்தில் விரிப்பைத் தடிமனாக மடித்து வைத்தால் தீர்ந்தது என்று குதிரையேற்றம் பழக வருவோருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். இந்தப் புத்தியைக் கேட்டு நடப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர்களைச் சுமக்கிற குதிரைக்குத்தான் ஆகும்.

சேணத்துக்குள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. அதன் முன்வளைவு குதிரையின் தோள்மேட்டுக்கு இருபுறமும் கவிந்து உட்காரும். வளைவு குறுகலாக இருந்தால் நடுவில் எதைத் திணித்தாலும் இன்னும் இறுகத்தான் செய்யும். செருப்பு கடிக்கிறது என்றவனிடம் இன்னொரு காலுறை போடச் சொல்லும் வைத்தியம் இது. வளைவு கொஞ்சம் அகலமாக இருந்தால் விரிப்பு சில நாள் கைகொடுக்கும், மறுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தெரியாதவர் எதற்கு ஆலோசனை சொல்லக் கிளம்புகிறார்?

அடுத்து ராணுவத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார். குதிரைப்படைகள் ஒரே மாதிரிச் சேணத்தில் ஓடவில்லையா என்கிறார். பாவம், சாட்சி இவர் பக்கம் பேசவில்லை. அமெரிக்க ராணுவம் 1859இல் ஏற்றுக்கொண்ட மெக்லெலன் சேணத்தில் முதுகெலும்புக்கு நேராக நீளவாக்கில் திறப்பு விட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் படையின் 1912 மாதிரியிலோ பக்கப்பலகைகளே வளைவுகளோடு சற்று அசைந்து கொடுக்கும். குதிரைக்குக் குதிரை முதுகு மாறும் என்பதை ஒப்புக்கொண்ட அமைப்பு அது. குதிரையின் முதுகு புண்ணானால் மேலிருப்பவன் காலாளாகிவிடுவான் என்பது படை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏறுபவரின் உடல்வாகும் முக்கியம் என்கிறாரே, அது சரி. இருக்கை சிறிதானால் ஆள் பின்விளிம்புக்குத் தள்ளப்பட்டு, எடை முழுதும் பின்னால் விழும். ஆனால் அதற்காக எப்போதும் ஓர் அளவு பெரிதாகவே வாங்கச் சொல்கிறாரே, குதிரையின் முதுகு எங்கே முடிகிறது என்று பார்த்தாரா? சேணம் 18ஆவது விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் இடுப்புப் பகுதியைத் தாங்க விலா கிடையாது. ஆளுக்குப் பெரிய இருக்கைதான் வேண்டுமென்றால், முதுகு நீண்ட குதிரையைத் தேடட்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான இடம் இது. தன் குதிரையின் தோள்மேட்டில் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள் இருப்பதாகவும், அது தனி அழகு என்றும் எழுதுகிறார். வாங்கும்போது அவை இல்லை என்றும் அவரே சொல்கிறார்! ஐயா, அது அழகல்ல. சேணம் அழுத்தி அழுத்தி மயிர்க்கால் பழுதான இடத்தில் நிறமிழந்து முளைத்த மயிர். வயிற்றுவாரை இறுக்கும்போது அந்தக் குதிரை காதை மடக்கிக் கடிக்க வருகிறதாம். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து, சாட்டையை மருந்தாக எழுதிக் கொடுக்கிறார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறிப்பவர் மேலே உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளில் இந்த உபதேசம் எடுபடும் என்பதுதான் என் கவலை. ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட்டுக்குத் தோள்மேடு உயரம். பக்கத்துக் கொட்டடியில் நிற்கும் மட்டக்குதிரைக்கு முதுகு பீப்பாய் மாதிரி. காலையில் அதற்கு, மாலையில் இதற்கு, ஒரே சேணம்.

சேணம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் விரிப்பில்லாமல் குதிரைமேல் வையுங்கள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால்தான் அது உட்கார வேண்டும். கால் முன்னே வீசும்போது அந்த எலும்பின் மேல்நுனி பின்னோக்கி நகரும். தோள்மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், ஆள் ஏறிய பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். ஓட்டிவிட்டுக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அகலம் காய்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் அதிகம், இல்லையென்றால் சேணம் அங்கே படவே இல்லை. அடிமெத்தையின் கம்பளியைச் சேண வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கூட்டிக் குறைக்கலாம். சட்டமே குறுகல் என்றால் அந்தச் சேணம் அந்தக் குதிரைக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.