விளக்கு மங்கினால் பல்பை வையாதீர்கள்!

உங்கள் வீட்டு வாசலில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறதா? 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் ஆரம்ப கால வண்டி என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்தான். அதன் சத்தத்துக்கே தெரு திரும்பிப் பார்க்கும். ஆனால் பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டால்? அகல் விளக்கைக் கட்டிக்கொண்டு போவது போல் இருக்கிறது! உடனே புதுப் பல்பு வாங்கி மாட்டுகிறீர்கள். அதுவும் அழுது வடிகிறது.

பழியைப் பல்பின் மேல் போடாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் மின்சாரம்தான். 30 வாட் பல்பு எரிய 5 ஆம்பியர் ஓடவேண்டும். வழியில் எங்கேயோ துருப்பிடித்து, ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால் போதும். ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். ஆறில் ஒன்றுதானே என்கிறீர்களா? வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்! 12 வோல்ட் வண்டியில் அதே தடை அரை வோல்ட்டைத்தான் விழுங்கும்.

அந்தத் தடை எங்கே ஒளிந்திருக்கும்? மின்சாரம் விளக்குக்குப் போக ஒயர் இருக்கிறது. திரும்பி வருவதற்கு, பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டமே வழி. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். தனி எர்த் ஒயர் இல்லாத வண்டியில், முன்விளக்கின் மின்சாரம் ஹாண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள குண்டுகளையும் கிரீஸையும் தாண்டி வரவேண்டும். அதற்கு மேல், ஆசையோடு வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தீர்களோ, வந்தது வினை! பெயிண்ட் மின்சாரத்தை விடாது.

சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். கனமான ஒயர் ஒன்றின் ஒரு முனையைப் பல்பு மாட்டியிருக்கும் உலோகக் கிண்ணத்திலும், மறுமுனையைப் பாட்டரியில் சட்டத்தோடு சேர்ந்திருக்கும் முனையிலும் வையுங்கள். வெளிச்சம் சட்டென்று கூடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அந்த ஒயரையே நிரந்தரமாக முடுக்கிவிடுங்கள். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மங்கி, வேகம் கூடியதும் பிரகாசித்தால் பாட்டரியைப் பாருங்கள். ஹாண்டில்பாரைத் திருப்பும்போது விளக்கு கண் சிமிட்டினால், அங்கே ஒயர் உரசித் தேய்ந்திருக்கலாம். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க்! ஆகவே பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட் பெட்டிக் காகிதத்தைச் சுற்றி வைக்கிற 'சாமர்த்தியம்' மட்டும் வேண்டாம். பியூஸ் போவது எச்சரிக்கை மணி. மணியின் வாயை அடைத்துவிட்டால் நெருப்பு நிற்குமா?

பாட்டரி மாற்றுமுன் இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாஸிடிவ் முனைதான் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இந்தக் கால வழக்கப்படி மாற்றி மாட்டினால் ரெக்டிபயர் கருகிவிடும். கழற்றும்போதே எந்த முனை எங்கே இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாத விளக்கு ஒன்று உண்டு. பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு. மட்கார்டு துருப்பிடித்தால் அதற்கும் இதே கதிதான். பிரேக்கை மிதித்ததும் சிவப்பு விளக்கு மங்கினால் அங்கேயும் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். இருட்டில் கிளம்புமுன் வீட்டில் ஒருவரை வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலை. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் இருப்பது தெரிவது அந்த ஒரு சிவப்புப் பொட்டினால்தான்!