மஃரிபுக்குப் பிறகு ஐந்து வரி



பெருநாள் முடிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. சுபஹுத் தொழுகையில் ஸஃப்புகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பது பள்ளிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதை உலமாக்கள் சொல்லட்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் பேச வந்தது பிள்ளைகளைப் பற்றி. நோன்பில் தினமும் ஒரு ஜுஸ்உ ஓதிய பிள்ளை இப்போது முஸ்ஹஃபைத் தொடுவதில்லை. அதே பிள்ளை தரம் 9 வகுப்பில், 'எனது ஊர்' பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் மூன்றாவது வரியோடு பேனையை வைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே நோய் என்றுதான் நினைக்கிறோம்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நமது ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு நாள் கருத்தரங்கு, பெரிய பேனர், வெளியூர் வளவாளர், பகல் சாப்பாடு, கடைசியில் ஒரு குழுப் படம். ஏற்பாடு செய்கிறவர்களின் நிய்யத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்கிற எந்த வாப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள். மணல் தரையில் வெங்காயம் வைத்துவிட்டு, ஒரு கிழமைக்குரிய தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சுவாரா? பாய்ச்சினால் தண்ணீர் மணலுக்குள் இறங்கிப் போய்விடும், போட்ட பசளையும் அதோடு கிணற்றுக்குப் போய்ச் சேரும். வெங்காயத்துக்கு இந்தக் கணக்கு சரியாகத் தெரிகிறது. பிள்ளையின் படிப்பு என்று வந்தால் மட்டும் பத்து வருடத் தண்ணீரை இரண்டு நாளில் ஊற்றப் பார்க்கிறோம்.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மூலம் மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய ஒரு நூல். தன்னிடம் முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் சென்றதாக அவர் கவனித்தார். பழக்கங்களை முறையாக அளந்து பார்த்தது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர். 96 பேரை 12 கிழமை தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதையும் கண்டார்கள்.

இதை வைத்து நோன்பை யோசியுங்கள். 29 அல்லது 30 நாள். சராசரிக் கணக்கில் பாதிகூட இல்லை. பெருநாளன்று பிள்ளை பாதிவழியில்தான் நிற்கிறது. நாமோ முடிந்துவிட்டது என்று எழும்பிப் போகிறோம். ஷவ்வாலில் ஆறு நோன்பு சுன்னத்தாக இருப்பதை இந்தக் கண்ணாலும் பார்க்கலாம். தொடர்ந்து செய்யப்படும் அமல், அது கொஞ்சமாக இருந்தாலும், அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பயான்களில் எத்தனையோ முறை கேட்டதுதான்.

அந்த ஹதீஸ் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை, ஒரு ஹிப்ழ் மத்ரஸா போதும். மதீனா அச்சு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் இரண்டு வருடமும் வேண்டாம். ஆனாலும் கூடுதலான பிள்ளைகளுக்கு அதைவிட அதிக காலம் செல்கிறது. காரணம், புதிய சபக் மட்டும் அல்ல, நேற்றைய பாடமும் முந்திய ஜுஸ்உகளும் தினமும் திரும்ப ஓதப்பட வேண்டும். அங்கே எங்களைக் கவர்வது ஒன்று. நேரம் மாறுவதில்லை, இடம் மாறுவதில்லை, ஓதுவதைக் கேட்க ஓர் உஸ்தாத் இருக்கிறார். பிள்ளையின் மனவுறுதியை மட்டும் நம்பி எந்த ஹிப்ழ் மத்ரஸாவும் நடப்பதில்லை.

எழுத்துக்கும் இதுதான். டொமினிக் ஜீவாவை நம்மில் பலருக்குத் தெரியும். 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிகையலங்காரத் தொழில் செய்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டவர். 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். இதழ்களைத் தானே சுமந்து திரிந்து வாசகர் கையில் கொடுத்தார். யுத்தம் வந்தது; 'மல்லிகை' கொழும்புக்கு இடம் மாறியது. 2012 வரை நானூறுக்கு மேற்பட்ட இதழ்கள். முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கும் அதில் இடம் கிடைத்தது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 46 வருடம், மாதம் ஒன்று என்றால் 550 இதழ்களுக்குமேல் வந்திருக்க வேண்டும். வந்தது நானூற்றுச் சொச்சம். வராத மாதங்களும் இரண்டு மாதம் சேர்ந்து வந்த இதழ்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. அவரைப் பாராட்டுகிறவர்கள் நானூறைச் சொல்வார்கள். எங்களுக்கு அந்த இடைவெளிதான் பெரிதாகப் படுகிறது. விட்ட மாதத்துக்காக அவர் சஞ்சிகையை மூடிவிடவில்லை. நம் பிள்ளைகளோ இரண்டு நாள் தவறினால் கொப்பியையே தூக்கிப் போடுகிறார்கள், நாமும் 'நீ எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை' என்று ஏசி அந்தக் கதையை முடித்து வைக்கிறோம்.

ஒரு நியாயமான கேள்வி வரும். ஒற்றை அறை வீடு, கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை, இதில் என்ன பழக்கம் பேசுகிறீர்கள்? சரிதான். வறுமையைப் பழக்கத்தால் மூடிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள் ஓலைக் கொட்டிலில் படித்து ஆளாகவில்லையா என்று சிலர் உடனே கேட்பார்கள். ஆளானார்கள். ஆனால் அந்தக் கொட்டிலிலும் ஒரு பெரியவர் விளக்கைக் கொளுத்தி வைத்திருப்பார், பக்கத்துச் சத்தத்தை அடக்கியிருப்பார். பிள்ளைக்கு ஒரு மூலையும் பதினைந்து நிமிடமும் ஒதுக்குவது பெரியவர்களின் கடமை.

அந்தப் பதினைந்து நிமிடம் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. நாநா படிக்கிறார், சத்தம் போடாதே என்கிற வீட்டில், தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் நன்றாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவள்தான். திருமணத்துக்குப் பிறகு அவளுடைய கொப்பி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாநா ஒரு நாள் பாத்திரம் கழுவினால் மார்க்கத்துக்கும் குறைவில்லை, மானத்துக்கும் குறைவில்லை. நபி (ஸல்) அவர்களே வீட்டு வேலைகளில் ஒத்தாசையாக இருந்தவர்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒரு கொப்பி. மஃரிப் தொழுதுவிட்டு ஐந்து வரி, ஒவ்வொரு நாளும். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும், வாப்பாவுடைய போனும் சேர்த்துத்தான். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் ஐந்து வரியே போதும், தண்டனையாகப் பத்து வேண்டாம். சிவப்புப் பேனையால் பிழை திருத்த வேண்டாம், அதை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உம்மாவுக்கு வாசிக்கச் சிரமம் என்றால் பிள்ளை வாசிக்கட்டும், உம்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

என்ன எழுதுவது என்று பிள்ளை கேட்கும். இன்று கரைக்கு என்ன மீன் வந்தது, கிலோ என்ன விலைக்குப் போனது. காற்று எந்தப் பக்கம். தலவில திருவிழாவுக்குப் போகிற பஸ்களை எண்ணியதில் எத்தனை. புத்தளம் டவுனில் கழுதை நடு ரோட்டில் நின்று வாகனங்களை மறித்தது, சாரதி ஹோன் அடித்தும் அது அசையவில்லை.