தந்தி வந்தது, விஞ்ஞானி திரும்பினார்!

கட்டபெட்டிலிருந்து ஊட்டிக்கு வந்து, அதற்கு அப்பால் சென்றால் முத்தோரை. அங்கே மலைச் சரிவில் ஒரு பெரிய கருவி நிற்கிறது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர்.

அதுதான் ரேடியோ டெலஸ்கோப். விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகள் நம் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பிடித்து ஆராய உதவுகிறது இந்தக் கருவி.

இதைக் கட்டியவர்கள் யார்?

1961-ம் ஆண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த 4 இந்திய விஞ்ஞானிகள், அணுசக்தி கமிஷன் தலைவர் ஹோமி பாபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். தாய்நாடு திரும்பி ஆராய்ச்சி செய்யத் தயார் என்றார்கள்.

பாபா தயங்கவில்லை. 1962 ஜனவரியில் சம்மதத் தந்தி பறந்தது. 1963-ல் கோவிந்த் ஸ்வரூப் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 34.

ஏன் ஊட்டி?

பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது ஊட்டி. அதே அளவு சரிந்த மலை முத்தோரையில் கிடைத்தது. ஆகவே கருவி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. பூமி சுழலும்போது, கருவியை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் போதும். வானத்தில் ஒரே இடத்தை 9 மணி நேரத்துக்கு மேல் கவனிக்கலாம்!

இந்திய விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களும் வடிவமைத்தார்கள். 1970-ல் வேலை முடிந்தது. ஸ்வரூப் 2020-ல் காலமானார்.

இன்றும் நம் வீட்டுப் பிள்ளைகள் படித்து வெளிநாடு போகிறார்கள். "திரும்பி வா" என்று பெற்றோர் அழைத்தால் மட்டும் போதுமா? அன்று ஸ்வரூப்புக்கு இங்கே வேலை காத்திருந்தது. இளைஞரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கப் பெரியவர் ஒருவர் இருந்தார்.

கடிதம் எழுத இன்றும் பிள்ளைகள் உண்டு. தந்தி அடிக்க ஆள் வேண்டும்!