மரத்தடியில் கோழி விடலாமா? முதலில் மண்ணைச் சோதியுங்கள்

கேள்வி: "எங்களுக்கு அத்திப்பட்டுப் பக்கம் 50 சென்ட் தோட்டம் இருக்கிறது. மா, கொய்யா, சப்போட்டா, வேலியோரம் தென்னை. மாவிலும் கொய்யாவிலும் பழ ஈத் தொல்லை அதிகம். தோட்டத்துக்குள் நாட்டுக்கோழி விட்டால் புழு குறையும், எரு கிடைக்கும், பிள்ளைகளுக்கு முட்டையும் ஆகும் என்று நினைக்கிறோம். எத்தனை கோழி விடலாம்? பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் நிறையக் கிடைக்கிறது. கோழி புரள அதைக் குழியில் கொட்டி வைக்கலாமா?"

- ஒரு வாசகி, அத்திப்பட்டு.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அந்தச் சாம்பல் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கொட்டியிருந்தால் இன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். அள்ளும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், தூசு பறக்காது.

பேன், செள்ளு போகக் கோழிக்குச் சாம்பல் குளியல் வைப்பது நம் வீடுகளில் காலம் காலமாக உள்ள வழக்கம்தான். ஆனால், அது விறகு அடுப்புச் சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் நிலக்கரிச் சாம்பல். அதில் ஈயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம் போன்றவை கலந்திருக்கும். கோழி அதில் புரளும், அலகால் கொத்தும், சிறகைக் கோதும்போது விழுங்கவும் செய்யும். அடுப்புச் சாம்பலோடு மணலும் வேப்பிலைத் தூளும் கலந்து வையுங்கள், போதும்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம்.

மரமும் கோழியும் நல்ல ஜோடி

நீங்கள் நினைத்த திட்டம் நல்ல திட்டம். ஆஸ்திரேலியாவின் பில் மாலிசன் 'பெர்மாகல்ச்சர்' முறையை விளக்கும்போது கோழியைத்தான் உதாரணமாகக் காட்டினார். கோழிக்கு என்ன தேவை, அது நமக்கு என்ன தருகிறது, சும்மா விட்டால் என்ன செய்யும் என்று மூன்று பட்டியல் போடச் சொன்னார். கோழிக்கு நிழல், இரை, தண்ணீர், ஒதுங்க இடம் தேவை. அது தருவது முட்டை, எரு, குஞ்சு. சும்மா விட்டால் கிளறும், கொத்தும். பழத்தோட்டத்தில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

பழ ஈயின் புழு, உதிர்ந்த பழத்திலிருந்து வெளியேறி மேல் மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்திலேயே கூட்டுப்புழுவாகும். கோழி கிளறுவதும் அதே ஆழத்தில்தான். புழுவிழுந்த பழத்தையும் அது விட்டுவைக்காது. அதனால் அடுத்த தலைமுறை ஈ குறையும்.

ஆனால், கோழி புழுவை மட்டும் தின்பதில்லை. ஒவ்வொரு கொத்திலும் மண்ணும் சேர்ந்தே உள்ளே போகிறது. நல்ல மண் உள்ள ஊரில் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. எண்ணூர், மணலி, அத்திப்பட்டு வட்டாரத்தில் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மண்ணில் இருப்பது முட்டைக்கு வரும்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களிலிருந்து ஓடுகிறது. சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்த கதை உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகத்திலும் வீடுகளிலும் படிந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புகை பல ஆண்டுக்காலப் புகை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டுவிட்டாலும், அதற்கு முன் சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயேதான் இருக்கும். ஈயம் மட்கிப் போகிற பொருள் அல்ல.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 55 வீடுகளின் கொல்லைப்புறக் கோழிகளைச் சோதித்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் கோழிகளின் முட்டையில் இருந்த ஈயம், கடை முட்டையில் இருந்ததைப் போல 40 மடங்குக்கும் மேல். அங்கே பெரிய தொழிற்சாலை எதுவும் காரணம் அல்ல. பழைய பெயின்ட்டும் பழைய பெட்ரோல் புகையும் படிந்த மண்தான் காரணம். கோழிகள் நோய் எதுவும் இல்லாதவைபோலவே திரிந்தன. முட்டையின் நிறத்திலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது.

நம் பக்கத்திலேயே, கேரளாவின் ஏலூர் தொழிற்பேட்டை அருகே மேய்ந்த கோழிகளின் முட்டையை 2005-ல் சோதித்தபோது டையாக்ஸின் என்ற நச்சு ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தது. பிளாஸ்டிக்கும் குப்பையும் எரியும்போதும் இந்த நச்சு உண்டாகிறது. அது கொழுப்பில் தங்கும் என்பதால் மஞ்சள் கருவில்தான் சேரும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை படும் பகுதியில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கொள்வதில்லை. மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற பொருள் அது. பிள்ளைகளுக்கு முட்டை ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எண்ணிக்கைக்கு முன் மண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

அதற்காகப் பயந்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், பழத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும். பழத்தின் மேல் படியும் தூசுதான் ஆபத்து, அது கழுவினால் போகும். கோழி அப்படி இல்லை, அது மண்ணையே தின்கிறது. ஒரே தோட்டத்தில் மாம்பழம் சாப்பிடத் தகுந்ததாகவும், முட்டை தகாததாகவும் இருக்கக்கூடும்.

மண் மாதிரி எடுப்பது எப்படி?

வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து, உவர்ப்பு, கார அமிலத் தன்மை ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துக் கொடுங்கள்.

பயிருக்கு மண் எடுக்கும்போது அரையடி ஆழம் எடுப்போம். கோழிக்கு அது வேண்டாம். சருகை ஒதுக்கிவிட்டு மேல் 2 அங்குல மண்ணை மட்டும் எடுங்கள். 8 அல்லது 10 இடங்களில் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுங்கள். சாலையோரம், பழைய சுவர் ஓரம், கூரைத் தண்ணீர் விழும் இடம், வெள்ளத் தண்ணீர் நின்ற இடம் ஆகியவற்றை மற்றதோடு கலக்காமல் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். ஏற்கெனவே கோழி இருந்தால் சில முட்டைகளையும் சோதிக்கக் கொடுங்கள்.

சாதாரண வயல் மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் ஈயம் இருப்பது இயல்பு. சிட்னி ஆய்வில், முட்டை தகுந்ததாக இருக்க மண்ணில் ஈயம் கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதைவிட நன்றாகக் குறைந்து, மற்ற உலோகங்களும் இயல்பு அளவில் இருந்தால் கோழியைத் தோட்டத்தில் விடலாம். அந்த எண்ணை நெருங்கினாலோ தாண்டினாலோ இரண்டாம் வழிக்குப் போங்கள். உங்கள் மண் எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சோதனைதான் சொல்லும். அதன் முடிவு வரும்வரை குஞ்சு வாங்க வேண்டாம்.

மண் நன்றாக இருந்தால்

50 சென்ட்டுக்கு 20 முதல் 25 கோழி போதும். தோட்டத்தை நான்காகப் பிரித்து மீன்வலையோ நைலான் வலையோ கட்டுங்கள். ஒரு பகுதியில் ஒரு வாரம் மேய்ந்தால் மூன்று வாரம் அதற்கு ஓய்வு. புல் திரும்ப வளரும், குடற்புழுத் தொல்லையும் குறையும். மூன்று வயதுக்கு உட்பட்ட கன்றுகளின் தூரைச் சுற்றிக் கல் அடுக்குங்கள். இல்லாவிட்டால் கிளறி வேரை வெளியே எடுத்துவிடும். மருந்து அடிக்கும் தோட்டத்தில் கோழி விடக் கூடாது.

இரவுக் கொட்டகையில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும் என்பதால் கொட்டகைத் தரையைக் கால் நட்டு 2 அடி உயர்த்துங்கள். கீரியும் பெருச்சாளியும் நுழையாதபடி சிறு கண் கம்பிவலை அடியுங்கள்.

மண் சரியில்லை என்றால்

கோழி தோட்டத்துக்குப் போக வேண்டாம், தோட்டம் கோழியிடம் வரட்டும்.

மரங்களுக்கு வெளியே 100 சதுர அடியில் ஒரு முற்றம் கட்டுங்கள். 10 கோழிக்கு அது போதும். தரையில் சிமென்ட் பூசலாம், அல்லது கெட்டியான தார்ப்பாய் விரித்து அதன் மேல் நம்பகமான வெளியூர் மண்ணை அரையடி கொட்டலாம். அந்த மண்ணையும் சோதித்த பிறகே கொட்டுங்கள். மேலே உமி, வைக்கோல், தேங்காய் நார்க் கழிவு ஆகியவற்றை அரையடிக்குப் பரப்புங்கள். கூரையும் போட்டுவிட்டால் பறந்து வரும் தூசு விழாது.

உதிர்ந்த பழம், புழுப் பழம் எல்லாவற்றையும் தினமும் பொறுக்கிக் கழுவி முற்றத்தில் போடுங்கள். கோழி கிளறித் தின்னும். பழ ஈக்கு இதுவும் நல்ல வைத்தியம்தான், புழு மண்ணில் இறங்கும் முன்பே போய்விடுகிறது. உயரத்தில் பறித்த முருங்கைக்கீரையைக் கழுவிக் கொடுக்கலாம். தரையோடு வளரும் கீரையை அந்த மண்ணிலிருந்து கொடுக்க வேண்டாம். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் போட்டுக் கரையான் பிடிக்கும் வழக்கத்தையும் அந்த மண்ணில் செய்ய வேண்டாம். மேய்ச்சல் இல்லாததால், வளர்ந்த கோழிக்குத் தினம் சுமார் 100 கிராம் தீவனம் வைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் துண்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும்.

முற்றத்துக் கழிவை மட்கவைத்து மரத்துக்குப் போடுங்கள். பழம் கோழிக்கு, எரு மரத்துக்கு. நீங்கள் நினைத்த சுழற்சி உடையவில்லை, இடம்தான் மாறியது.

ஏற்கெனவே அந்த மண்ணில் மேய்ந்த கோழியை முற்றத்துக்கு மாற்றினால் முட்டை உடனே சுத்தமாகிவிடாது. ஈயம் எலும்பில் தங்கி, முட்டையிடும் காலத்தில் மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால் புதுக் குஞ்சாக வாங்கி முற்றத்திலேயே வளர்ப்பது நல்லது. பழைய கோழியின் எலும்பு சூப், ஈரல் ஆகியவற்றைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டு வழிக்கும் பொது

தண்ணீரையும் பாருங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறுவது 1969-லேயே கண்டறியப்பட்டது. உப்புத் தண்ணீர் குடித்த கோழி நீராகக் கழியும், முட்டை ஓடும் மெலியும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கோழிக்கும் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தவறக் கூடாது. 7-ம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 28-ம் நாளில் மறுபடி சொட்டு, 8-வது வாரத்தில் இறக்கையில் ஊசி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குஞ்சுக்கும் பயிற்சிக்கும் மாதவரத்திலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உங்களுக்கு ரொம்பப் பக்கம்.

கேள்வி: "காசிமேட்டில் மீன் கழிவு சும்மாவே கிடைக்கிறது. வீட்டு வாசலில் ஏழெட்டுக் கோழி வளர்க்கிறோம். கொடுக்கலாமா?"

- ஒரு வாசகர், ராயபுரம்.

பதில்: கொடுக்கலாம். வேகவைத்து, முள் நீக்கி, மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் கொடுங்கள். கூடினால் முட்டையில் மீன் வாடை வரும். கழிமுகத்தில் பிடித்த மீனின் குடலும் தலையும் வேண்டாம், ஆழ்கடல் மீன் கழிவாகப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வீட்டு வாசலிலேயே உருக்கி வார்க்கும் பழக்கம் மீனவக் குடும்பங்களில் உண்டு. சிதறிய துளியைக் கோழி கல் என்று நினைத்து விழுங்கும். அது இரைப்பையில் தங்கி அரைபட்டு நாள்கணக்கில் கரையும். ஈயம் உருக்கிய இடத்திலும், படகுப் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் கோழியை விடாதீர்கள். அந்த இடத்தில் குழந்தைகளையும் விளையாட விடாதீர்கள்.

மற்ற மாவட்ட வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரி உடைக்கும் இடம், நெடுஞ்சாலை, குப்பை எரிக்கும் மேடு, பெயின்ட் உதிரும் பழைய கட்டடம் எது இருந்தாலும், குஞ்சு வாங்கும் முன் மேல் மண் 2 அங்குலத்தைச் சோதித்துவிடுங்கள்.