பாட்டன் ஏந்திய துப்பாக்கி

பாட்டனுக்குப் பாட்டன் படைவீரன். ஆகவே பேரனும் பெருமைக்குரியவன்! இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. குலமும் கோத்திரமும் கூறிக் கொலுவிருக்கும் கூட்டத்தை நாம் நன்கறிவோம். அமெரிக்க நாட்டிலும் அத்தகைய கூட்டம் உண்டு. 1861 முதல் 1865 வரை அங்கு நடைபெற்ற உள்நாட்டுப் போரில் தம் முன்னோர் எந்தப் படையில் நின்றனர், எந்தக் களத்தில் வீழ்ந்தனர் என்று பழைய ஏடுகளைத் துருவித் தேடுவோர் அங்கு இன்றும் ஏராளம்.

தேடட்டும்! ஆராய்ச்சியை வெறுப்பவன் பகுத்தறிவாளனாக இருக்க முடியாது. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: பாட்டன் துப்பாக்கி ஏந்தினான் என்று கண்டுபிடித்தவர்கள், எதற்காக ஏந்தினான் என்று கேட்க ஏன் கூசுகிறார்கள்?

தெற்கத்தியப் படையினரின் வழிவந்த பெண்டிர் 1894-இல் சங்கம் கண்டனர். ஆடவர் 1896-இல் கண்டனர். சிலைகள் எழுந்தன. பள்ளிப் பாடநூல்களிலும் அவர்கள் கைவரிசை புகுந்தது. "அடிமை முறைக்காக நடந்த போரன்று அது, மாநில உரிமைக்காக நடந்த போர்" என்று ஓதினர்.

மாநில உரிமை! நம் செவிக்கு இனிக்கும் சொல்தான். இனிக்கிறது என்பதற்காக விழுங்கிவிடலாமா? எந்த உரிமை? மனிதனை மனிதன் சந்தையில் விற்கும் உரிமை! இது நம் கற்பனையன்று. பிரிந்து சென்ற மிசிசிப்பி மாநிலம், தன் நிலை அடிமை முறையோடு பிணைந்தது என்று 1861-இல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சு 21-இல், தென் கூட்டரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று சவானா நகரில் முழங்கினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரவேண்டும் என்று வட மாநிலங்களை வற்புறுத்தும் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை விரும்பி வரவேற்றவர்களும் இதே தெற்கத்திய ஆண்டைகள்தாம். அப்போது எங்கே போயிற்று மாநில உரிமை?

சரி, அந்த ஆண்டைகளாவது களத்தில் முன்னே நின்றார்களா? 1862-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. அதே ஆண்டு, இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் விலக்கும் வந்தது! வடக்கிலும் 1863-ஆம் ஆண்டுச் சட்டப்படி 300 டாலர் கட்டினால் படைக்குச் செல்லாமல் தப்பலாம். ஏழையின் பாட்டன் செத்தான். செல்வனின் பாட்டன் திண்ணையில் அமர்ந்து செய்தி கேட்டான். இதையும் சேர்த்தல்லவா எழுதவேண்டும் வம்சாவளியில்?

இனி, மற்றொரு தேடலைக் காண்போம். கறுப்பர் தம் முன்னோரைத் தேடுகின்றனர். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கேடுகளைப் புரட்டுகின்றனர். ஆண்டையின் பெயர் இருக்கிறது. அதன்கீழ் வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்பது இருக்கிறது, நிறம் இருக்கிறது. பெயர்? பெரும்பாலும் இல்லை! மாட்டுக்கு எதற்குப் பெயர் என்று கருதினான் போலும், எழுத வைத்தவன்! 1870-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில்தான் அம்மக்களுட் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயருடன் பதிவாயினர்.

அதற்கு முன்பே பலருக்குப் பெயர் கொடுத்தது படைப் பதிவேடு. வடக்கின் தரைப்படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பர் பணியாற்றினர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்குப் பத்து, அதிலும் உடைக்கென மூன்று பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவினர், சமச் சம்பளம் தராவிடில் சம்பளமே வேண்டாம் என்று மறுத்தனர். 1864-இல் சட்டம் பணிந்தது. போருக்குப் பின், அவ்வீரர்களின் விதவைகள் உதவித்தொகை கேட்டபோது, அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லையாதலால், உடனிருந்தோர் வந்து சாட்சி கூறினர். அந்தச் சாட்சியங்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதப்படாத குடும்பங்களின் வரலாறு அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது!

ஒருவன் தேடுவது பட்டயம். மற்றொருவன் தேடுவது பெயர். இரண்டும் ஒன்றாகுமா?

பாட்டன் செய்த பழியில் பேரனுக்குப் பங்கில்லை. பாட்டன் பெற்ற புகழிலும் பங்கில்லை. ஆனால், உண்மையை மறைத்தால் அந்தப் பழி பேரனுடையதே! தெற்குப் படையில் சேர்ந்து, அதைவிட்டு ஓடி, வடக்குப் படையில் சேர்ந்த ஒருவரின் மகள், அதற்கான உதவித்தொகையை 2020 வரை பெற்றுவந்தார். களத்தில் நின்றவனே அணி மாறியிருக்கிறான். ஏட்டைப் புரட்டும் பேரனுக்கு ஏன் தயக்கம்?

அமெரிக்க அடிமை ஒழிப்புக்கு உழைத்த நல்லோர்க்குத்தான், 1873-இல் வெளிவந்த தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் பூலே. அந்நாட்டு அடிமையின் விலங்கில் நம் நாட்டுச் சூத்திரனின் விலங்கை அவர் கண்டார். நாமும் காணவேண்டாமா?

தோழர்களே! நம் வீடுகளிலும் பரணில் பழஞ்சுவடிகள் உண்டு. வீரப் பரம்பரைக் கதைகள் உண்டு. தேடுங்கள்! ஆனால், பாட்டன் எந்த வாளை ஏந்தினான் என்பதோடு நில்லாதீர்கள். அந்த வாள் யாரைக் காத்தது, யாரை வெட்டியது, யாருடைய பெயர் ஏட்டில் ஏறவேயில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பேரனே பெருமைக்குரியவன்!