நாற்பது குடத்துக்கு ஒரு குடம்

அமெரிக்காவில் பெண்ணைப் பார்க்கப் போனால் நயாகராவைத்தானே காட்டுவார்கள்? எங்கள் மாப்பிள்ளை 2023 மார்ச்சில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மேப்பிள் பண்ணைக்கு அழைத்துப் போனார். வண்டிக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உண்டு. என்ன, நான் தோசை வார்த்தால் மற்ற நாலு பேரும் படுக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும்!

மரத்துக்கு மரம் சின்னத் துளை போட்டுக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். ராத்திரி உறைபனியும் பகலில் கொஞ்சம் வெதுவெதுப்பும் மாறி மாறி வந்தால்தான் சாறு இறங்குமாம். பதநீர் மாதிரி இருக்கும் என்று ஒரு வாய் குடித்தேன். சீனி டப்பா கழுவின தண்ணீர்தான்! நூற்றுக்கு இரண்டு பங்கே இனிப்பு. ஏறக்குறைய 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு.

காய்ச்சும் கொட்டகையில் ஒரே நீராவி. விறகடுப்பின் மேல் கட்டில் நீளத்துக்குத் தட்டு. பண்ணைக்காரர் பாகை அள்ளிச் சரிக்கிறார். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பதமில்லை. விளிம்பில் சேர்ந்து திரை மாதிரி வழிந்தால் பதம். கூடவே தெர்மாமீட்டர், 104 டிகிரி சென்டிகிரேட். நுரை பொங்கினால் துளி வெண்ணெய்! அவர் பேசின இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை, கரண்டி பேசினது நன்றாகவே புரிந்தது.

இங்கேதான் வந்தது வினை. "மரத்துச் சாறுடீ, இயற்கை. ஒண்ணும் பண்ணாது" என்று இவர், ருசி பார்க்கக் கொடுத்த குட்டிக் கப்புகளில் ஆறேழைக் காலி செய்தார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர்! போதாததற்குப் பனிமேல் சூடான பாகை ஊற்றி, சவ்வு மிட்டாய் மாதிரி சுருட்டித் தருகிறார்கள். திகட்டாமலிருக்கத் தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய் ஊறுகாய்! அதையும் விடவில்லை. மாப்பிள்ளை எதிரில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தப்புதான்.

பாதி ராத்திரி, "தண்ணி, தண்ணி" என்கிறார். குழாயைத் திறந்தால் சொட்டு வரவில்லை. வெளியே மாட்டியிருந்த ரப்பர் குழாய் உறைந்து கிடக்கிறது. நல்லவேளை, கொட்டகையில் இன்னும் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு ஜாடி தண்ணீர் வாங்கி வந்தார். மீட்டரில் பார்த்தால் 312! வாந்தி, மயக்கம் ஏதும் இல்லை என்றாலும் விடியும்வரை கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் 190க்கு இறங்கிய பிறகுதான் காபி போட்டேன்.

புட்டி லேபிளை மகள் படித்துச் சொன்னாள். ஒரு டேபிள் ஸ்பூனில் 12, 13 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சீனி. ஆவியாகிப் போவது தண்ணீர்தானே, சர்க்கரை எங்கே போகும்? கரும்பு மட்டும் இயற்கை இல்லையா? கைக்குழந்தை இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வயது ஆகும்வரை சேர்த்த இனிப்பே வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். மேப்பிளும் அதில் சேர்த்திதான்.

இப்படிக் குளிர்காலத்தில் வண்டியில் தங்கப் போகிறவர்கள் ராத்திரி வெளிக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பாகுப் புட்டியைத் திறந்துவிட்டால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பூக்கும்.

ஒரு புட்டி நானும் கொண்டுவந்தேன். இன்னும் திறக்கவில்லை. பீரோவில் இருக்கிறது, சாவி என் முந்தானையில்.